வாரியர் விதின்: கோபக்கார இளவரசனுக்காக ஒரு வாதம்

கேள்வி இதுதான்: "பிரின்ஸ் ஆஃப் பெர்சியா வரிசையில் சாண்ட்ஸ் ஆஃப் டைம் விளையாடி முடித்தேன், ரொம்பப் பிடித்தது. அடுத்தது வாரியர் விதின். ஆனால் அதுதான் இந்த வரிசையைக் கெடுத்த கேம் என்று பலரும் சொல்கிறார்கள். அதை விட்டுவிட்டு நேராக மூன்றாவதுக்குப் போய்விடலாமா?"

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். என் கணிப்பில் அந்த மூன்றில் மிகச் சிறப்பாகக் கட்டப்பட்ட கேம் வாரியர் விதின்தான். அதைத் திட்டுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் சொல்லும் குறைகளில் பாதிக்கு மேல் உண்மை. ஆனால் அந்தக் குறைகள் பெரும்பாலும் மேல்பூச்சில் இருப்பவை. அவற்றைப் பார்த்து முகம் சுளித்துத் திரும்பியவர்கள் அந்தத் தீவின் அமைப்பையும், கதை தன்னையே சுற்றி வளைத்துக்கொள்ளும் விதத்தையும் பார்க்காமலே போய்விட்டார்கள். இருபது வருடம் ஆன பிறகும் அந்த முதல் தீர்ப்பு மாறாமல் நிற்பதுதான் எனக்கு வருத்தம்.

முதலில் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 2003 இறுதியில் யூபிசாஃப்ட் மாண்ட்ரியல் கொண்டுவந்த சாண்ட்ஸ் ஆஃப் டைம், இரவில் சொல்லும் கதையைப் போன்றது. இளவரசனே நமக்குக் கதை சொல்கிறான். நாம் தவறி விழுந்து செத்துப்போனால், இல்லை, அப்படி நடக்கவில்லை என்று தன்னையே திருத்திக்கொண்டு தொடர்கிறான். 1989இல் முதல் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை உருவாக்கிய ஜோர்டன் மெக்னரே அதற்குக் கதை எழுதினார். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், ஆனால் கடையில் எதிர்பார்த்த வேகத்தில் விற்கவில்லை. மறுவருடமே, 2004 கடைசியில், பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப், கணினி என்று எல்லாவற்றுக்கும் வாரியர் விதின் வந்தது. இந்த இளவரசனுக்குத் தாடி, முகத்தில் வெறி, இரண்டு கையிலும் ஆயுதம். எதிரியின் தலை பறக்கிறது, உடல் இரண்டாகப் பிளக்கிறது. சண்டைக்குப் பின்னணியில் ராக் கிடார். முதல் கேம் பதின்பருவத்தினருக்கான தரச்சான்று பெற்றது. இது பெரியவர்களுக்கான 'எம்' சான்று வாங்கியது. மெக்னர் இதில் இல்லை. இதன் கலைப்போக்கும் வன்முறையும் தனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் பிறகு வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். படைத்தவரே அப்படிச் சொன்ன பிறகு ரசிகர்களைக் கேட்கவா வேண்டும்?

குரலும் மாறியது. முதல் கேமில் யூரி லோவென்தால் பேசிய அந்த மென்மையான, கொஞ்சம் கர்வம் கலந்த குரல் போய், ராபின் அட்கின் டவுன்ஸின் கரகரப்பான குரல் வந்தது. டவுன்ஸ் நல்ல நடிகர்தான். ஆனால் அவருக்குக் கொடுத்த வசனத்தில் பாதி வெறும் கத்தல், மீதி வசவு.

இந்தக் கேமில் எதற்கும் வக்காலத்து வாங்க முடியாத பகுதி ஒன்று உண்டென்றால் அது பெண் பாத்திரங்களின் வடிவமைப்பு. தொடக்கத்தில் கப்பலில் சண்டைக்கு வரும் ஷாதி ஒரு படைத்தலைவி. போர்க்களத்துக்கு யாரும் அணிந்து வராத ஓர் உலோகத் துண்டில் அவள் நிற்கிறாள். கேமரா அவளை அறிமுகப்படுத்தும் விதம், இதை உருவாக்கியவர்கள் பார்வையாளரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதைக் காட்டிவிடுகிறது. சாதாரணப் பெண் எதிரிகளும் சண்டைக்கு நடுவே முனகலாக இரட்டை அர்த்தத்தில் பேசுகிறார்கள். கைலீனா என்ற முக்கியப் பாத்திரத்துக்கு மோனிகா பெலூச்சியைக் குரல் கொடுக்க வைத்துவிட்டு, கதையில் மிகக் கனமான அந்தப் பெண்ணுக்கும் அதே மாதிரி ஓர் உடையை மாட்டியிருக்கிறார்கள். 2004இன் சந்தைக் கணக்கு என்று காரணம் சொல்லலாம். காரணம் இருப்பதால் குறை இல்லையென்று ஆகாது.

சரி, இனி வாதத்துக்கு வருகிறேன்.

சாண்ட்ஸ் ஆஃப் டைமின் முடிவு உங்களுக்கு நினைவிருக்கும். இளவரசன் காலத்தையே பின்னுக்கு ஓட்டி, நடந்த அழிவையெல்லாம் நடக்காததாக ஆக்கிவிடுகிறான். முதல் கேம் முழுக்க அவனோடு போராடிய இளவரசி ஃபாராவுக்கு அவன் யாரென்றே தெரியாது. இனிமையும் வலியும் கலந்த முடிவு அது. வாரியர் விதின் அந்த முடிவைப் பிடித்துக்கொண்டு, காலத்தை ஏமாற்றினானே, அதற்கு யார் கணக்குத் தீர்ப்பது என்று கேட்கிறது. காலத்தை ஆட்டிப்படைக்கும் மந்திர மணலை விடுவித்தவன் சாக வேண்டும் என்பது விதி. இவன் சாகவில்லை. அந்தப் பிழையைத் திருத்தத் தஹாகா என்ற காவல் சக்தி 7 வருடமாக அவனைத் துரத்துகிறது. மணல் எந்தத் தீவில் உருவானதோ அந்தத் தீவுக்கே போய், கடந்த காலத்துக்குள் நுழைந்து, மணல் உருவாகாமலே தடுத்துவிடலாம் என்று கிளம்புகிறான்.

ஒரு தொடர்ச்சிக்கு இதைவிட நேர்மையான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. முதல் கேமில் நாம் தவறும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்திக் காலத்தைத் திருப்பினோமே, அந்த வசதிக்குக் கட்டவேண்டிய விலைதான் இரண்டாவது கேமின் கதை. இளவரசனின் கோபத்தையும் இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். 7 வருடம் நிம்மதியாகத் தூங்காமல் ஓடிக்கொண்டிருப்பவன் பழைய மாதிரி குறும்பாகப் பேசிக்கொண்டிருந்தால்தான் அது பொய்யாக இருந்திருக்கும். கோபத்துக்கு நியாயம் இருந்தது. அதை எழுதிய விதம்தான் மட்டமாகப் போய்விட்டது.

தஹாகா என்ற பெயர் பழைய ஈரானிய மரபிலிருந்து வருகிறது. அவெஸ்தாவில் அஜி தஹாகா மூன்று தலைப் பாம்பரக்கன். கேமில் இருப்பதற்கும் அதற்கும் பெயரைத் தாண்டி உறவில்லை. இங்கே அது கொம்புள்ள ஒரு பெரிய கரிய உருவம். உடம்பிலிருந்து கயிறு கயிறாகக் கைகள் நீளும்.

அது துரத்தும் காட்சி ஒன்றைச் சொல்கிறேன். பாழடைந்த தாழ்வாரம் ஒன்றில் நடந்துகொண்டிருக்கிறீர்கள். திடீரென்று திரையின் நிறம் வடிந்துபோகிறது, கிடார் அலறுகிறது. கேமரா முன்னால் வந்து இளவரசனின் முகத்தைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறது. அவன் தோளுக்குப் பின்னால் அந்தக் கரிய உருவம் வந்துகொண்டிருக்கிறது. இந்த நொடியில் உங்களுக்குத் துரத்துவது தெரிகிறது, போகிற வழி தெரியவில்லை. அப்புறம் கேமரா பின்பக்கம் வந்ததும் எதிரே தரை இல்லை. பக்கத்துச் சுவரில் ஓடி, ஓட்டம் முடிகிற இடத்தில் எதிர்ச்சுவருக்கு உதைத்துக் குதித்து, குறுக்குக் கம்பியைப் பிடித்து ஊசலாடி, அடுத்த விளிம்பில் கால் வைக்க வேண்டும். எல்லாம் சில நொடிகளுக்குள். தவறி விழுந்தால் கையில் மணல் மிச்சமிருக்கிற வரை காலத்தைத் திருப்பலாம். அதன் கையில் சிக்கினால் அவ்வளவுதான்.

சாண்ட்ஸ் ஆஃப் டைமில் இதே சுவரோட்டமும் கம்பியாட்டமும் இருந்தன. ஆனால் அங்கே அவை நிதானமான புதிர்கள். நின்று, கேமராவைச் சுழற்றிப் பார்த்து, வழியைக் கண்டுபிடித்த பிறகு தொடங்கலாம். இங்கே அதே அசைவுகள் யோசிக்காமல் கைக்கு வரவேண்டும். முதல் கேம் கற்றுக்கொடுத்த பாடத்துக்கு இது தேர்வு வைக்கிறது. ஒரு தொடர்ச்சி செய்யவேண்டிய வேலை இதுதான் என்பேன்.

இன்னொரு நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. தஹாகாவால் தண்ணீரைத் தாண்ட முடியாது. ஒவ்வொரு துரத்தலும் நீங்கள் ஒரு தண்ணீர்த் திரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போவதில் முடிகிறது, அது வெளியே நின்றுவிடும். இப்போது சேவ் செய்யும் இடங்களைப் பாருங்கள். எல்லாம் நீரூற்றுகள். அங்கே தண்ணீர் குடித்தால்தான் உயிரும் நிரம்பும், ஆட்டமும் பதிவாகும். கடைசியில் தஹாகாவைக் காயப்படுத்தக்கூடிய ஒரே ஆயுதமும் தண்ணீர் வாள்தான். கேம் முழுக்கத் தண்ணீர் என்றால் அபயம். யாரும் வாயைத் திறந்து சொல்லாமலே, சில மணி நேரத்தில், தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே உங்களுக்கு மூச்சு சீராகிவிடும். வசனம் எழுதத் தெரியாத குழு என்று திட்டலாம். ஆனால் வசனமே இல்லாமல் இப்படி உணர்த்தத் தெரிந்த குழு அது.

தீவின் அமைப்புக்கு வருவோம். நடுவே ஒரு பெரிய கூடம், மணலை உருவாக்கப்போகும் காலத்தின் பேரரசியின் அரியணை அறைக்குப் போகும் கதவு மூடியிருக்கிறது. அதைத் திறக்க இரண்டு கோபுரங்களை இயக்க வேண்டும். ஒன்று தோட்டக் கோபுரம், மற்றது பற்சக்கரங்களும் பொறிகளும் நிறைந்த இயந்திரக் கோபுரம். அங்கங்கே உள்ள கால வாசல்கள் வழியாக நிகழ்காலத்துக்கும் கடந்தகாலத்துக்கும் மாறி மாறிப் போகிறீர்கள். நிகழ்காலத்தில் இடிந்து செடி மண்டிக் கிடக்கும் அதே மண்டபம், வாசலைத் தாண்டினால் விளக்கும் திரைச்சீலையுமாக நிற்கிறது. கடந்தகாலத்தில் பொறிகள் வேலை செய்யும், ஆனால் சுவர்கள் முழுசாக நின்று வழியை மறைக்கும். நிகழ்காலத்தில் பொறிகள் செத்துக் கிடக்கும், ஆனால் இடிந்த இடமே வழியாகும். ஒரே இடத்துக்கு இரண்டு வரைபடத்தை மனதில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

இங்கேதான் பெரிய புகார் வருகிறது: போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது, அலுப்பாக இருக்கிறது என்கிறார்கள். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கேம் தரும் வரைபடம் உதவாத ஒன்று. எந்த வாசல் எந்தக் காலத்துக்குப் போகிறது, இப்போது நான் எந்தக் காலத்தில் நிற்கிறேன் என்று தெளிவாகக் காட்ட ஒரு சின்ன வசதி செய்திருந்தால் அந்தப் புகார் பெருமளவு குறைந்திருக்கும். பிற்பாதியில் சில இடங்களில் அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் சுற்றவிடுகிறார்கள். அது டெவலப்பர்களின் தவறு. ஆனால் திரும்பி வருவதே தவறு என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஒரு முறை மட்டும் கடந்துபோகும் இடம் வெறும் காட்சியாக நின்றுவிடும். நாலு முறை வந்து, ஒவ்வொரு முறையும் வேறு வழியாகக் கடந்த கூடம் உங்களுக்குச் சொந்தமாகிவிடுகிறது. கதைக்கும் இந்தத் திரும்பல் தேவை. ஏன் என்று அடுத்த மூன்று பத்திகளில் சொல்கிறேன். கதை தெரியாமல் விளையாட நினைத்தால் அவற்றைத் தாண்டிவிடுங்கள்.

தீவில் இளவரசனுக்கு உதவுகிறவள் போல வருகிற கைலீனாதான் காலத்தின் பேரரசி. அவன் கையால் தான் சாகப்போவதை அவள் முன்பே கண்டிருக்கிறாள். அதைத் தடுக்கத்தான் கப்பலுக்கு ஷாதியை அனுப்பினாள், கோபுரங்களின் பொறிகளில் அவன் சாவான் என்று எதிர்பார்த்து வழி காட்டினாள். அதாவது இருவருமே தங்கள் விதியிலிருந்து தப்பிக்கத்தான் ஓடுகிறார்கள். அரியணை அறையில் இருவரும் மோதி, அவன் ஜெயிக்கிறான். மணல் இனி உருவாகாது, எல்லாம் முடிந்தது என்று நிகழ்காலத்துக்குத் திரும்புகிறான். தஹாகா அங்கேயே இருக்கிறது. அப்போதுதான் அவனுக்குப் புரிகிறது: பேரரசியின் உடல் சிதைந்ததிலிருந்துதான் மணலே உருவானது. எதைத் தடுக்க வந்தானோ அதைத் தன் கையாலேயே தொடங்கி வைத்திருக்கிறான். நாமும்தான். அந்தச் சண்டையில் கடைசி வெட்டு வெட்டியது நம் கை.

இதோடு நிறுத்தியிருந்தாலே நல்ல திருப்பம். அவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். இளவரசன் ஒரு முகமூடியைத் தேடி அணிந்து மணல் உருவமாக மாறுகிறான். இதனால், தான் ஏற்கெனவே இருக்கும் கடந்தகாலத்துக்குள் இன்னொரு ஆளாக நுழைய முடியும். ஆட்டத்தின் முற்பாதியில் தூரத்தில் ஒரு கரிய உருவம் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். ஓர் இடத்தில் உங்கள் கண்முன்னே தஹாகா அதைப் பிடித்துத் தின்றிருக்கும். அது யாரென்று அப்போது தெரியாது. அது நீங்கள்தான். இப்போது அந்த உருவமாக நீங்கள் அதே மண்டபங்களில் மறுபக்கத்திலிருந்து நடக்கிறீர்கள், எதிரே பழைய 'நீங்கள்' ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். தஹாகா உங்கள் இருவரில் ஒருவரைப் பிடிக்கப்போகும் அந்த நொடி எப்படி முடிந்தது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இந்த முறை அதை மாற்ற வேண்டும். பழைய இடத்துக்குத் திரும்பி வராமல் இந்தக் காட்சியை எப்படிக் கட்ட முடியும்?

மணல் உருவமாக இருக்கும்வரை உயிர் தானாகக் குறைந்துகொண்டே போகும், மணல் தானாக நிரம்பிக்கொண்டே இருக்கும். நின்று யோசிக்க முடியாது, ஆனால் காலத்தைத் தாராளமாகத் திருப்பலாம். விளையாட்டின் விதியையே கதைக்காக மாற்றிய அழகான முடிவு இது. 2005இல் வந்த மூன்றாவது கேமான டூ த்ரோன்ஸில் இருண்ட இளவரசனாக மாறும்போது உயிர் கரைவதை எல்லோரும் பாராட்டுவார்கள். அந்த யோசனைக்கு விதை விழுந்தது இங்கே.

சண்டையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் சாண்ட்ஸ் ஆஃப் டைமின் உண்மையான பலவீனம் அதுதான். ஆளைத் தாண்டிக் குதித்து முதுகில் வெட்டு, விழுந்ததும் குத்துவாளால் மணலை உறிஞ்சு. கடைசி மணி நேரம் வரை இதே கதை. மேலேறும் மேடையில் நடக்கும் அந்த நீண்ட சண்டையை நினைத்தாலே பலருக்குக் களைப்பு வரும். வாரியர் விதின் அதை அடியோடு மாற்றியது. வலது கையில் உங்கள் வாள், இடது கையில் எதிரியிடம் பறித்த எதுவும்: கோடரி, கதாயுதம், குத்துவாள், இன்னொரு வாள். இடது கை ஆயுதம் தேய்ந்து உடையும், அதற்குள் அதை எறிந்து ஒருவனைச் சாய்க்கலாம், அப்புறம் செத்தவனுடையதை எடுத்துக்கொள்ளலாம். எதிரியைப் பிடித்து இன்னொருவன் மேல் தள்ளலாம், தூணைப் பிடித்துச் சுழன்று சுற்றி நிற்கும் எல்லோரையும் வெட்டலாம், சுவரை உதைத்து அம்பு மாதிரிப் பாயலாம், கழுத்தை நெரிக்கலாம், பள்ளத்தில் தூக்கி எறியலாம். சுற்றுப்புறமே சண்டையின் பகுதியாகிறது. இதை ஊன்றிப் பழகியவர்களுக்கு ஒரு சாதாரண அறைச் சண்டையே தனி இன்பம்.

அதிலும் குறை உண்டு. நாலைந்து பேர் சூழும்போது கேமரா சுவரோடு ஒட்டிக்கொண்டு, யார் அடிக்கிறார்கள் என்றே தெரியாமல் போகும். காக்கைகளாகப் பறந்து பின்னால் வந்து தோன்றும் எதிரிகள் சவாலைவிட எரிச்சலைத்தான் தருகிறார்கள். பெரிய அரக்கர்களோடு வரும் சண்டைகள் ஒன்றேபோல் இருக்கும்: காலை வெட்டு, மேலே ஏறு, தலையில் குத்து.

இசையில் எனக்கு இரண்டு மனம். காட்ஸ்மாக் என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் பாடலை வைத்தது பெர்சியக் கதைக்குப் பொருந்தவில்லை என்பார்கள். முடிவுப் பெயர்ப்பட்டியலில் அது ஒட்டவில்லைதான். ஆனால் தஹாகா துரத்தும்போது அந்தக் கிடார் வேலை செய்கிறது, மெதுவான இசை அங்கே உதவியிருக்காது. ஸ்டுவர்ட் சாட்வுட் முதல் கேமைப் போலவே இதற்கும் இசையமைத்திருக்கிறார். பாழடைந்த மண்டபங்களில் தனியாக நடக்கும்போது ஒலிக்கும் அவருடைய மெல்லிய பகுதிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ராக்கின் இரைச்சலில் அவை காணாமல் போனதும் ஒரு இழப்புதான்.

தொழில்நுட்பப் பிழைகளை மழுப்பமாட்டேன். ஒரே வருட அவசரம் இதில் தெரிகிறது. ஒலி அறுந்து அறுந்து வரும் இடங்கள் உண்டு. கதை நகராமல் சிக்கிக்கொள்ளும் பிழைகளும் உண்டு, காலம் மாறி மாறி நடக்கிற கேமில் அது பெரிய தலைவலி. ஆகவே ஒரே இடத்தில் மேலே மேலே சேவ் செய்யாமல், மூன்று நான்கு பதிவுகளை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் இப்போதும் ஸ்டீம், ஜிஓஜி என்ற இணையக் கடைகளில் கிடைக்கிறது. அகலத்திரைக்கு ரசிகர்கள் செய்த திருத்தக் கோப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டால் படம் சரியாக வரும்.

கடைசியாக, விளையாடத் தொடங்குமுன் தெரிந்துகொள்ளவேண்டிய ஒரு விஷயம். இந்தக் கேமுக்கு இரண்டு முடிவுகள். டூ த்ரோன்ஸ் தொடங்குவது இரண்டாவது முடிவிலிருந்து. அது கிடைக்க, தீவில் ஒளித்து வைத்திருக்கும் 9 உயிர் மேம்பாடுகளையும் எடுத்திருக்க வேண்டும். கேம் இதை எங்கும் தெளிவாகச் சொல்வதில்லை. முழு மூச்சாக விளையாடி முடித்தவர்களில் பலர் தங்களுக்குக் கிடைத்தது அரைகுறை முடிவு என்றே தெரியாமல் மூன்றாவதுக்குப் போய்க் குழம்பியிருக்கிறார்கள். இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. நல்ல பாதியை இப்படியா ஒளித்து வைப்பது? பொறிகள் அடர்ந்த, கதைக்குச் சம்பந்தமில்லாத மாதிரித் தோன்றும் பக்கவாட்டு நடைபாதை எங்கே தெரிந்தாலும் உள்ளே போய்ப் பாருங்கள். அதன் முடிவில்தான் மேம்பாடு இருக்கும். பெரும்பாலானவற்றைப் போகிற போக்கிலேயே எடுத்துவிடலாம். பிறகு தேடிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் இரண்டு காலத்துக்கும் நடுவே அலைய வேண்டிவரும். ஒன்பதையும் எடுத்து முடித்த பிறகு டூ த்ரோன்ஸைத் தொடங்குங்கள், அதன் முதல் காட்சியில் கப்பலில் அவனோடு யார் நிற்கிறார்கள், ஏன் நிற்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.